எஸ்டிமேட்டுக்கு முந்தைய செலவு

கொங்கு நாட்டில் ஓர் ஊர் தன் குட்டையைத் தூர்வார முடிவெடுத்தால், பொக்லைன் கரையில் வந்து நிற்பதற்கு வெகு முன்பே செலவு தொடங்கிவிடும். குட்டை யார் பொறுப்பில் இருக்கிறது என்பது முதலில் தெரிய வேண்டும். பாசனப் பரப்பு நூறு ஏக்கருக்கு மேல் இருந்தால் நீர்வளத் துறை. குறைவாக இருந்தால் ஊராட்சி ஒன்றியம். ஆடுமாடு தண்ணீர் குடிக்கும் சிறு குட்டை என்றால் பெரும்பாலும் ஊராட்சி. 'அ' பதிவேட்டுப் பிரதியும் புல வரைபடமும் எடுத்து எல்லையைப் பார்க்க வேண்டும். எல்லையில் தகராறு இருந்தால் தாலுகா சர்வேயர் வந்து அளக்க வேண்டும். மழைத்தண்ணீர் கொண்டுவரும் பள்ளம் யார் யார் காட்டு வழியாக வருகிறது, எந்த இடத்தில் தடம் மாறியது, எந்த வேலிக்குள் அகப்பட்டுக்கொண்டது என்பதைப் பழைய வரைபடத்தைக் கையில் வைத்துக்கொண்டு நடந்துதான் பார்க்க முடியும்.

அதன்பின் லெவல் எடுக்க வேண்டும். வரத்து வாய்க்காலின் மட்டத்தைவிடக் கலிங்கின் மட்டம் எவ்வளவு தாழ்ந்திருக்கிறது என்று தெரியாமல் தோண்டினால், குட்டை ஆழமாகும், தண்ணீர் வராது. எடுக்கும் வண்டலை எங்கே கொட்டுவது, யார் அள்ளிக்கொள்ளலாம் என்பதற்கு அனுமதி வாங்க வேண்டும். 2024இல் அந்த அனுமதியைத் தாசில்தாரே தரலாம் என்று ஆக்கியது உண்மையிலேயே நல்ல மாற்றம். இவற்றுக்கு இடையில் ஊர்க்கூட்டம் இரண்டு மூன்று முறையாவது கூட வேண்டும்; கரையோரம் பயிர் வைத்திருப்பவரோடு பேச வேண்டும்; வி.ஏ.ஓ., பி.டி.ஓ. ஆபீசுகளுக்கு வேலையை விட்டுவிட்டு நடக்க வேண்டும். எல்லாம் முடிந்தால்தான் ஒன்றியப் பொறியாளர் கையெழுத்துப் போடக்கூடிய எஸ்டிமேட் உருவாகும்.

லெவல் எடுக்க ஆள் கூலி, வாடகைக்கு டோட்டல் ஸ்டேஷன் கருவி, வரைபடம், போக்குவரத்து, இழந்த நாள்கூலி என்று கூட்டினால் சில பத்தாயிரங்களில் தொடங்கி லட்சத்தைத் தொடும் செலவு இது. தூர்வாரும் செலவோடு ஒப்பிட்டால் சிறு தொகைதான். ஆனால் தூர்வாரப் பணம் தரும் திட்டங்கள் பல இருக்க, இந்தச் சிறு தொகையை ஊர்க்காரர்கள் கேட்டுப் பெற ஏறக்குறைய எந்த இடமும் இல்லை. அரசுத் திட்டமோ கம்பெனி அறக்கட்டளையோ முதலில் கேட்பது, "பிளான், எஸ்டிமேட் இருக்கிறதா?" என்பதுதான். அவற்றைத் தயாரிக்க ஆகும் பணத்தைப் பற்றி யாரும் கேட்பதில்லை. பின்னால் வரப்போகும் பெரும்பணம் எந்த ஊருக்குப் போகும் என்பதைத் தீர்மானிப்பது, முன்னால் போடப்படும் இந்தச் சிறு பணமே. இதைப் பெரும்பாலும் சொந்தக் கையிலிருந்துதான் போட வேண்டியிருக்கிறது என்பதால், கையில் பணம் இருக்கும் ஊர் முந்துகிறது.

இன்று இந்தச் செலவைச் சுமப்பவர்களைப் பார்த்தால் இது விளங்கும். ஊரில் ஒரு மில் முதலாளி இருந்தால் அவர் தன் கம்பெனி இன்ஜினியரை அனுப்பிவைப்பார். பொதுப்பணித் துறையில் ஓய்வுபெற்ற ஒருவர் ஊரில் குடியிருந்தால் அவரே கோப்பைத் தயார் செய்துவிடுவார். வெளிநாட்டில் வேலை பார்க்கும் பிள்ளை பணம் அனுப்புவான். ஊராட்சித் தலைவர் வசதியானவராக இருந்தால் தன் காரில் கலெக்டர் ஆபீசுக்குப் போய்வருவார். இவர்கள் செய்வது நல்ல காரியம், அதில் சந்தேகமில்லை. ஆனால் இந்த நால்வரில் ஒருவர்கூட இல்லாத ஊர்கள் இருக்கின்றன. அவற்றைவிட முக்கியமாக, இந்த நால்வரும் இருக்கும் ஊருக்குள்ளேயே அவர்களில் எவரும் எட்டிப் பார்க்காத பகுதிகள் இருக்கின்றன. கொங்கு நாட்டுக் கிராமங்களில் அருந்ததியர் குடியிருப்பு பெரும்பாலும் ஊரை விட்டுத் தள்ளியே இருக்கிறது. அங்கே சாக்கடைக்கோ, சுடுகாட்டுப் பாதைக்கோ ஒரு திட்டம் எழுத வேண்டுமானால் நாள்கூலிக்குப் போகிறவர்கள்தான் கூலியை விட்டுவிட்டு அலைய வேண்டும். எழுதப்படாத தேவை எந்தப் பட்டியலிலும் ஏறாது.

நமக்கு நாமே திட்டம் இதற்கு நல்ல உதாரணம். 1997–98இல் தொடங்கி, 2007–08இல் புத்துயிர் பெற்று, 2011–12இல் தன்னிறைவுத் திட்டம் என்று பெயர் மாறி, 2021–22இல் பழைய பெயரோடு திரும்பிய திட்டம் இது. மக்கள் பொதுவாக மூன்றில் ஒரு பங்கு கட்டினால் மீதியை அரசு தரும். ஆதிதிராவிடர், பழங்குடியினர் வாழும் பகுதிகளுக்குப் பங்கு ஐந்தில் ஒன்றாகக் குறையும். ஊராரின் பங்கு பாதிக்கு மேல் போனால் வேலையை அவர்களே எடுத்துச் செய்யவும் வழி உண்டு. கொங்கு மண்டலத்துக்கு இது மிகவும் ஒத்துவரும் அமைப்பு. கோயில் நோம்பிக்குத் தலைக்கட்டு வரி போட்டுப் பழகிய ஊர்கள், பள்ளிக்கூடத்துக்கு வகுப்பறை கட்டவும் அதேபோல் வசூல் செய்துவிடும். பங்குத் தொகையில் சலுகை காட்டியது நியாயம். ஆனால் விண்ணப்பம் தயாரிக்கும் கட்டத்துக்கு எந்தச் சலுகையும் இல்லை. ஐந்தில் ஒரு பங்கைக் கட்டும் வாசல்வரை ஒரு குடியிருப்பு வந்து சேர்வதற்கே ஆகும் செலவு கணக்கில் வரவில்லை.

ஏரி, குளங்களை விவசாயிகளின் பங்கோடு செப்பனிடும் குடிமராமத்துத் திட்டத்திலும் இதுதான் நடந்தது. 2017இல் முதல் கட்டமாக 100 கோடி ரூபாயில் 1,519 ஏரி, குளங்கள் எடுக்கப்பட்டன; பத்து சதவீதத்தை விவசாயிகள் பணமாகவோ உழைப்பாகவோ பொருளாகவோ தர வேண்டும் என்றார்கள். அந்தப் பத்து சதவீதத்தில், வேலைக்கு முன்னால் ஊர் நடந்த நடைக்கும் அளந்த அளவுக்கும் மதிப்பு வைத்திருந்தால் எவ்வளவோ நன்றாக இருந்திருக்கும்.

திட்டமிடலுக்கே பணம் ஒதுக்கலாம் என்பதை அரசு அறியாமல் இல்லை. நீர்வடிப்பகுதி மேம்பாட்டுத் திட்டங்களுக்காக மத்திய அரசு 2008இல் வெளியிட்ட பொது வழிகாட்டி நெறிமுறைகளில் இதற்கான விகிதங்களே இருந்தன: விரிவான திட்ட அறிக்கைக்கு 1 சதவீதம், ஊரின் நம்பிக்கையைப் பெறும் தொடக்கப் பணிகளுக்கு 4 சதவீதம், அமைப்பு உருவாக்கத்துக்கும் பயிற்சிக்கும் 5 சதவீதம். சமவெளியில் ஹெக்டேருக்கு 12,000 ரூபாய் என்ற அன்றைய கணக்கில் 5,000 ஹெக்டேர் கொண்ட ஒரு திட்டம் 6 கோடி. அதில் அறிக்கைக்கு 6 லட்சம், தொடக்கப் பணிக்கு 24 லட்சம், பயிற்சிக்கு 30 லட்சம். பத்தில் ஒரு பங்கைத் தயாரிப்புக்கே வைத்திருக்கிறார்கள். ஓராண்டு முதல் ஈராண்டு வரை அதற்குக் கால அவகாசமும் தந்தார்கள். தொடக்கப் பணி என்பது ஒரு குடிநீர்த் தொட்டியாகவோ கால்நடைத் தண்ணீர்த் தொட்டியாகவோ இருக்கலாம். வந்தவர்கள் பேசிவிட்டுப் போய்விட மாட்டார்கள் என்று ஊர் நம்புவதற்கான முன்பணம் அது.

நபார்டு வங்கியின் நீர்வடிப்பகுதி நிதி இன்னும் ஒரு படி மேலே போனது. 1999–2000இல் 200 கோடியோடு அமைக்கப்பட்ட அந்த நிதியின் கீழ், முழுத் திட்டத்துக்கு முன்னால் திறன் வளர்ப்புக் கட்டம் என்று ஒன்று உண்டு. ஊர் முதலில் கூலி வாங்காமல் சில நாள் உடலுழைப்புத் தர வேண்டும். பிறகு ஒரு சிறு பகுதியில் மட்டும் வரப்பும் தடுப்பணையும் போட்டுப் பார்ப்பார்கள். காட்டுக்காரரையும் அவர் வீட்டுப் பெண்களையும் அந்தந்தக் காட்டிலேயே நிறுத்தி, எந்தச் சரிவில் என்ன செய்யலாம் என்று கேட்டு வரைபடத்தில் குறிப்பார்கள். அந்தக் கட்டத்தில் ஊர் தேறினால்தான் பெரிய தொகை வரும். இந்த வரிசையில் எனக்குப் பிடித்தது, ஊர் பின்வாங்கவும் இதில் இடம் இருக்கிறது என்பதே. சிறு பணத்தில் முயன்று பார்த்து, 'இது நமக்கு ஒத்துவராது' என்று ஊர் முடிவெடுத்தால் அதுவும் ஒரு பலன்தான். பெரும்பணம் வீணாகாமல் தப்பியது.

மேட்டுப்பாளையத்துக்குப் பக்கத்து ஓடந்துறை ஊராட்சியின் கதையை இந்தக் கோணத்தில் யாரும் அதிகம் சொல்வதில்லை. காற்றாலை வாங்கிய ஊராட்சி என்று எல்லோருக்கும் தெரியும். 1996 முதல் 2006 வரை தலைவராக இருந்த ஆர். சண்முகம் காலத்தில், 350 கிலோவாட் காற்றாலை ஒன்றை உடுமலைப்பேட்டைப் பக்கம் மைவாடியில் ஊராட்சியே நிறுவியது. விலை 1 கோடியே 55 லட்சம். அதில் 40 லட்சம் ஊராட்சியின் சேமிப்பு, 1 கோடியே 15 லட்சம் வங்கிக் கடன். தன் தேவைக்குப் போக மிஞ்சிய மின்சாரத்தை வாரியத்துக்கு விற்றுக் கடனை அடைத்தது. வெளிநாடுகளிலிருந்தெல்லாம் வந்து பார்த்தார்கள்.

ஆனால் காற்றாலை முதல் முயற்சி அல்ல. குடிநீர்த் திட்டம் பெரிதானபோது மோட்டார்களுக்கான கரண்ட் பில் ஊராட்சியின் கழுத்தை நெரித்தது. பில்லைக் குறைக்க என்ன வழி என்று தேடி, முதலில் 9 கிலோவாட் அளவில் மரக்கழிவை எரித்து மின்சாரம் எடுக்கும் சிறு கருவியை வைத்தார்கள். தண்ணீர் மோட்டாரை அதில் ஓட்டிப் பார்த்தார்கள். எரிபொருள் என்ன விலைக்குக் கிடைக்கிறது, யூனிட்டுக்கு என்ன அடக்கம், யார் பராமரிப்பது என்பதெல்லாம் ஊராட்சிக்குத் தன் அனுபவத்திலேயே தெரிந்தது. காற்றாலைக்கு வங்கியிடம் போகும்போது கையில் கணக்கு இருந்தது. 9 கிலோவாட்டில் கற்றதுதான் 350 கிலோவாட்டுக்குத் துணிவு தந்தது என்று நான் படித்துக்கொள்கிறேன். அந்தச் சிறு முயற்சியைச் செய்து பார்க்க ஊராட்சியிடம் சொந்தக் காசு இருந்தது. தலைவருக்கு அலைந்து தெரிந்துகொள்ளும் ஆவலும் இருந்தது. இரண்டும் சேர்ந்து அமைந்த ஊராட்சிகள் சிலவே. ஓடந்துறையைப் பார்க்கப் போன மற்ற ஊராட்சிகள் வரிசையாகக் காற்றாலை வாங்கிவிடவில்லை என்பதற்கு இதுவும் ஒரு காரணம் என்றே நினைக்கிறேன். பார்க்கப் போவதற்கு வண்டி கிடைத்தது. பார்த்துவிட்டு வந்து தன் ஊருக்குக் கணக்குப் போட்டுப் பார்க்கப் பணம் கிடைக்கவில்லை.

கோவை நகரத்துக்குள் வந்தால் நிலைமை வேறு. 2015இல் பொலிவுறு நகரத் திட்டம் அறிவிக்கப்பட்டபோது, போட்டிக்கான திட்டத்தைத் தயாரிக்க மட்டும் நகரத்துக்கு 2 கோடி ரூபாய் என்று மத்திய அரசு வைத்தது. 2016 ஜனவரியில் வந்த முதல் இருபது நகரங்களின் பட்டியலில் கோவை இடம்பெற்றது. உக்கடம் பெரியகுளம், வாலாங்குளம், செல்வசிந்தாமணி குளம், குறிச்சிக்குளம் என்று குளக்கரைகள் நடைபாதையும் விளக்குமாக மாறியது அந்தத் திட்டத்தில்தான். மாலையில் அங்கே குடும்பத்தோடு வந்து உட்காரும் ஆயிரக்கணக்கானவர்களைப் பார்த்தால், அது வீண் என்று யாராலும் சொல்ல முடியாது. அதேசமயம், கரையைக் கான்கிரீட்டால் அழகுபடுத்தும் முன் குளத்தில் கலக்கும் சாக்கடையை அல்லவா தடுத்திருக்க வேண்டும் என்று இயற்கை ஆர்வலர்கள் கேட்டதும் நியாயமான கேள்வி. திட்டமிடப் பணம் இருந்தது. அந்தப் பணத்தில் குளத்தங்கரைக் குடியிருப்புகளும் குளத்தை நாளும் பார்த்துவருபவர்களும் வரைபடத்தின் முன்னால் போதுமான அளவு உட்காரவில்லை. திட்டமிடல் நிதியை ஆலோசகர் நிறுவனம் மட்டும் கையாண்டால் அறிக்கை பளபளப்பாக வரும், கேட்க வேண்டிய கேள்வி விடுபட்டுப்போகும்.

நகரத்தின் மற்றொரு பக்கத்தையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். 2003இன் வறட்சியில் கோவைத் தொழிலதிபர்கள் முன்னின்று தொடங்கிய சிறுதுளி அமைப்பு, நொய்யலையும் குளங்களையும் மீட்கும் பணியில் இந்த முதற்கட்டச் செலவைத் தொழில் நிறுவனங்களின் தோளில் ஏற்றிக்கொண்டது. 2017இல் பேரூர்ப் பெரியகுளத்தில் இறங்கிய கோவை குளங்கள் பாதுகாப்பு அமைப்பு, ஞாயிற்றுக்கிழமைகளில் வரும் தன்னார்வலர்களின் உழைப்பில் அதைச் சமாளித்தது. முன்னதில் பணம், பின்னதில் நேரம். கோவையில் இரண்டும் இருப்பதால் நகரத்தின் குளங்களுக்குப் பேசுவதற்கு ஆள் இருக்கிறது. அன்னூர்ப் பக்கம், குண்டடம் பக்கம், காங்கேயம் பக்கம் இருக்கும் குட்டைகளுக்கு அது வாய்க்கவில்லை.

அத்திக்கடவு–அவினாசித் திட்டத்தைப் பேசாமல் கொங்கு நாட்டில் எந்தத் திட்டமிடலையும் பேச முடியாது. அறுபது ஆண்டுக்கு மேற்பட்ட கோரிக்கை. பில்லூர்ப் பக்கமிருந்து தானாக ஓடிவரும் வாய்க்கால் என்ற பழைய எண்ணம், காலிங்கராயன் அணைக்கட்டுக்குக் கீழே பவானியின் உபரி நீரை எடுத்து மேடேற்றுவது என்று பிற்காலத்தில் மாறியது. 2016இல் அவினாசியில் உண்ணாவிரதம் இருந்து மக்கள் அழுத்தம் கொடுத்தார்கள், 2019இல் அடிக்கல், 2024 ஆகஸ்ட் 17 அன்று திட்டம் மக்கள் பயன்பாட்டுக்கு வந்தது. செலவு 1,916 கோடி. ஆறு நீரேற்று நிலையங்கள். சுமார் 1,065 கிலோமீட்டர் குழாய். கோவை, திருப்பூர், ஈரோடு மாவட்டங்களில் 1,045 ஏரி, குளம், குட்டைகள். இரண்டு தலைமுறை விவசாயிகள் விடாமல் கேட்டு வாங்கிய தண்ணீர் அது. அந்தப் பிடிவாதத்துக்கு இந்த மண் கடமைப்பட்டிருக்கிறது.

இந்த 1,045 எண்ணிக்கையில் இடம்பெறாமல் விடுபட்ட குட்டைகளைச் சேர்க்க வேண்டும் என்ற கோரிக்கை இப்போது அடுத்த கட்டமாக எழுந்திருக்கிறது. எந்தக் குட்டை சேரும், எது விடுபடும் என்பது ஆவணங்களிலிருந்தும் அளவுகளிலிருந்தும் முடிவானது. ஊர்கள் தங்கள் குட்டையின் எல்லை, மட்டம், வரத்து வழி ஆகியவற்றை முன்கூட்டியே ஒரு கோப்பாக வைத்திருந்தால் அந்தத் தேர்வு எவ்வளவு தெளிவாக நடந்திருக்கும்! அதற்கான செலவைக் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். கோவை மாவட்டத்தில் 228 கிராம ஊராட்சிகள், திருப்பூரில் 265, ஈரோட்டில் 225, மொத்தம் 718. ஊராட்சிக்கு 50,000 ரூபாய் வீதம் கொடுத்தால் 3 கோடியே 59 லட்சம். அத்திக்கடவு–அவினாசிச் செலவில் ஐந்நூறில் ஒரு பங்குகூட இல்லை. பொலிவுறு நகரப் போட்டிக்கு இரண்டு நகரங்கள் திட்டம் எழுத ஒதுக்கிய பணத்தைவிடக் குறைவு. மூன்று மாவட்டங்களின் அத்தனை ஊர்களும் ஒரு முறை தங்கள் நீர்வழியை நடந்து அளந்து எழுதிவைக்க இது போதும். பெரிய தொகை அல்ல என்பதால்தான் யார் கண்ணிலும் படவில்லை போலும்.

பணம் எங்கிருந்து வரலாம் என்ற கேள்விக்கு, கொங்கு மண்டலத்தில் உடனே வரும் பதில் கம்பெனிகள். 1926இல் நான்கு சகோதரர்கள் சொத்தைப் பிரித்துக்கொள்ளும்போது தர்மத்துக்கென்று ஐந்தாவது பங்கை ஒதுக்கி பி.எஸ்.ஜி. அறநிலையத்தைத் தொடங்கிய மண் இது. கம்பெனிச் சட்டம் 2013இன் 135ஆம் பிரிவுப்படி, குறிப்பிட்ட அளவுக்கு மேற்பட்ட கம்பெனிகள் சராசரி லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பொறுப்புக்குச் செலவிட வேண்டும். நிர்வாகச் செலவு 5 சதவீதத்துக்கு மேல் போகக் கூடாது என்ற விதியைக் காட்டி, 'திட்டம் தயாரிக்கவெல்லாம் தர முடியாது' என்று சொல்லும் வழக்கம் இருக்கிறது. 2021இல் திருத்தப்பட்ட விதிகள் அப்படிச் சொல்லவில்லை. ஒரு குறிப்பிட்ட திட்டத்தை வடிவமைக்கவும் நடத்தவும் கண்காணிக்கவும் மதிப்பிடவும் நேரடியாக ஆகும் செலவு நிர்வாகச் செலவில் சேராது என்று அவை வெளிப்படையாகவே வரையறுக்கின்றன. அதாவது, தான் எடுத்துச் செய்யவிருக்கும் ஒரு வேலையின் திட்டமிடலுக்குக் கம்பெனி பணம் போடச் சட்டம் தடையாக இல்லை. பழக்கம்தான் தடை.

சட்டம் தடையாக நிற்கும் இடம் வேறு. வெளி அமைப்புக்குக் கொடுப்பதானால், அது பதிவுபெற்றதாகவும், பொதுவாக மூன்றாண்டு அனுபவம் உள்ளதாகவும் இருக்க வேண்டும். குட்டைக்கரையில் நேற்றுக் கூடிய இருபது பேருக்கு மூன்றாண்டு வரலாறு எங்கிருந்து வரும்? வெளிநாட்டு நிதியில் இந்தக் கதவு இன்னும் இறுக்கமாக மூடியிருக்கிறது. 2020இன் சட்டத் திருத்தத்துக்குப் பிறகு, வெளிநாட்டு நிதி பெறும் அமைப்பு அதைப் பிரித்து வேறு அமைப்புக்குக் கொடுக்கவே முடியாது. ஒரு பெரிய தொண்டு நிறுவனம் நிதி வாங்கி, சிறு குழுக்களுக்கு முப்பதாயிரம், ஐம்பதாயிரம் என்று பகிர்ந்து தந்த வழி அதோடு அடைபட்டது. முறைகேட்டைத் தடுக்கும் நோக்கம் எனக்குப் புரிகிறது. அதன் சுமை மிகச் சிறியவர்கள் மேல் விழுந்திருக்கிறது என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

உலகில் இதற்கு முன்மாதிரிகள் இல்லாமல் இல்லை. ஐ.நா. வளர்ச்சித் திட்டம் நடத்தும் உலகச் சுற்றுச்சூழல் நிதியின் சிறு நல்கைத் திட்டம் 1992இலிருந்து இயங்குகிறது. முழு நல்கைக்கு விண்ணப்பிக்கும் முன், விண்ணப்பத்தைத் தயார் செய்யவே சில ஆயிரம் டாலர் 'திட்டமிடல் நல்கை' தரும் வழக்கம் அதில் உண்டு. எழுதத் தெரியாத சமூகங்கள் படம், ஒளிப்பதிவு மூலமாகவும் விண்ணப்பிக்க அது வழி செய்திருக்கிறது. இங்கிலாந்தில் 2011இன் உள்ளாட்சிச் சட்டம் அக்கம்பக்கத்தார் தாங்களே தங்கள் பகுதிக்குத் திட்டம் எழுதலாம் என்றது. எழுதுவதற்கு ஒரு குழுவுக்குப் பத்தாயிரம் பவுண்டு வரை நல்கையும் தொழில்நுட்ப உதவியும் கிடைத்தன. ஆயிரத்துக்கும் மேற்பட்ட பகுதிகள் வாக்கெடுப்பு நடத்தித் தங்கள் திட்டத்தை நிறைவேற்றிக்கொண்டன. அதிலும் ஒரு பாடம் இருக்கிறது: படித்தவர்களும் ஓய்வுபெற்றவர்களும் நிறைந்த கிராமப்புறங்களே அதிகம் முன்வந்தன, ஏழ்மையான நகரப் பகுதிகள் பின்தங்கின. பணத்தைத் திறந்துவைத்தால் மட்டும் போதாது. தேடிப் போய்க் கொடுக்க வேண்டும்.

பாலக்காட்டுக் கணவாயைத் தாண்டினால் கேரளம். 1996இல் அங்கே மக்கள் திட்டம் தொடங்கியபோது, திட்ட நிதியில் 35 முதல் 40 சதவீதம் உள்ளாட்சிகளுக்குப் போனது. அதைச் செலவிடும் முன் ஒவ்வொரு ஊராட்சியும் தன் வளங்களையும் குறைகளையும் பற்றி ஒரு வளர்ச்சி அறிக்கை எழுதியது. வந்து குவிந்த திட்டங்களைச் சரிபார்க்க, ஓய்வுபெற்ற பொறியாளர்களையும் மருத்துவர்களையும் ஆசிரியர்களையும் சேர்த்துத் தன்னார்வத் தொழில்நுட்பக் குழு அமைத்தார்கள். நம் பக்கத்தில் 2015 முதல் கிராம ஊராட்சி வளர்ச்சித் திட்டம் என்று ஒன்று ஆண்டுதோறும் தயாராகிறது. கிராம சபையும் 2022 முதல் ஆண்டுக்கு ஆறு முறை கூடுகிறது. ஆனால் அந்தத் திட்டம் பல ஊர்களில் தேவைகளின் பட்டியலாக இணையத்தில் ஏற்றப்படுவதோடு நின்றுவிடுகிறது. 'தடுப்பணை – 1' என்று எழுதியிருக்கும். எந்தப் பள்ளத்தில், எந்த மட்டத்தில், எத்தனை அடிக்கு என்று இருக்காது. அளக்கப் பணமும் ஆளும் தராமல் திட்டம் மட்டும் கேட்டால் இதுதான் வரும். போதாக்குறைக்கு, 2019இல் தேர்ந்தெடுக்கப்பட்ட ஊராட்சிப் பிரதிநிதிகளின் பதவிக்காலம் 2025 ஜனவரியில் முடிந்து, கொங்கு மாவட்டங்களின் ஊராட்சிகள் தனி அலுவலர் பொறுப்புக்குப் போயின. ஊரின் தேவையைத் தூக்கிக்கொண்டு அலைய இருந்த ஓர் ஆளும் இல்லாமல் போனார்.

திட்டமிடலுக்கே சிறு பணம் தரலாம் என்ற யோசனைக்கு எதிராகச் சொல்லப்படுபவற்றை ஒதுக்கிவிட முடியாது. காகிதத்துக்குப் பணம் கொடுத்தால் காகிதம்தான் பெருகும் என்பார்கள். ஒரே அறிக்கையில் ஊர்ப் பெயரை மட்டும் மாற்றிப் பத்து ஊருக்குக் கொடுக்கும் ஆலோசகர்கள் இருக்கிறார்கள் என்பதும் உண்மை. உழவர் உற்பத்தியாளர் நிறுவனங்களின் அனுபவத்தையும் கவனிக்க வேண்டும். 2020இல் மத்திய அரசு 6,865 கோடியில் அறிவித்த திட்டத்தில், ஒரு நிறுவனத்துக்கு மூன்றாண்டில் 18 லட்சம் வரை நிர்வாக உதவி. அதை வழிநடத்தும் அமைப்புக்கு ஐந்தாண்டில் 25 லட்சம் வரை. இந்த இரண்டை மட்டும் ஒப்பிட்டால், உழவரின் நிறுவனத்தைவிட அதைத் தாங்கிப் பிடிப்பவருக்கு அதிகம். கைப்பிடித்து நடத்த ஆள் தேவைதான். ஆனால் பணம் எந்தப் பக்கம் சாய்கிறது என்பதைப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். சிறு தொகைக்குக் கணக்குக் கேட்பதற்கு அந்தத் தொகையைவிட அதிகம் செலவாகும் என்பது இன்னொரு வாதம். இது சரியான வாதம். ஐம்பதாயிரத்துக்கு ஐந்து கோடிக்கான படிவங்களைக் கேட்டால் அப்படித்தான் ஆகும். ஊரிலேயே, கிராம சபையில் வரவு செலவைப் படித்துக் காட்டுவது அந்த அளவு பணத்துக்குப் போதுமான தணிக்கை.

ஆக, கொங்கு மண்டலத்தில் இப்படி ஒரு நிதி வருமானால் அது எப்படி இருக்க வேண்டும் என்பதில் எனக்குச் சில திட்டமான எண்ணங்கள் உண்டு. முதல் தவணை இருபத்தைந்தாயிரம்; இதற்கு ஒரு பக்கத் தமிழ் விண்ணப்பம், ஊரில் தெரிந்த ஐந்து பேரின் கையெழுத்து, அவர்களில் பாதிக்கு மேல் பெண்கள். பதிவுபெற்ற சங்கம் என்ற நிபந்தனை வேண்டாம். மகளிர் சுய உதவிக்குழுவின் வங்கிக் கணக்கோ ஊராட்சியின் கணக்கோ போதும். அளந்து பார்த்தபின் தொடர்வதானால் இரண்டாம் தவணை, ஒரு லட்சம் வரை. தொடர வேண்டாம் என்று ஊர் முடிவெடுத்தால், ஏன் என்று எழுதிக் கொடுத்தால் போதும். பணத்தைத் திருப்பிக் கேட்கக் கூடாது. இந்த ஒரு விதி இல்லாவிட்டால், ஒத்துவராத திட்டத்தையும் ஒத்துவரும் என்று எழுதிக்கொடுப்பார்கள். நாள்கூலிக்காரர்கள் அலைந்த நாளுக்குக் கூலி கொடுக்க இந்தப் பணத்தில் வெளிப்படையாக இடம் வேண்டும். ஆதிதிராவிடர் குடியிருப்புகளிடம் பங்குத் தொகை எதுவும் கேட்கக் கூடாது. மொத்த நிதியில் மூன்றில் ஒரு பங்காவது அவர்களுக்கென்று ஒதுக்கி, விண்ணப்பம் வரும்வரை காத்திராமல் போய்ப் பேச வேண்டும். திட்டம் எழுதியவரே பின்னால் கான்ட்ராக்ட் எடுக்கக் கூடாது.

யார் நடத்துவது என்பதைப் பொறுத்தவரை, அரசுத் துறை ஒன்றைவிடக் கோவையின் தொழில் அமைப்புகளும் ரோட்டரி சங்கங்களும் கூட்டாக நடத்துவது மேல் என்பது என் கருத்து. ரோட்டரியின் சர்வதேச நல்கைக்கு விண்ணப்பிக்க, அந்தச் சமூகத்தின் தேவைகளை முறையாகக் கேட்டறிந்த அறிக்கை கட்டாயம். குறைந்தபட்சத் திட்டமே 30,000 டாலர். ஆகவே முன்கட்ட ஆய்வின் அருமை அவர்களுக்குத் தெரிந்ததுதான். கொடிசியாவுக்கும் திருப்பூர் ஏற்றுமதியாளர் சங்கத்துக்கும் கணக்குக் கேட்கத் தெரியும், எந்த எஸ்டிமேட்டில் காற்று அடைத்திருக்கிறது என்று கண்டுபிடிக்கவும் தெரியும். அளக்கும் வேலைக்கு ஆளைத் தேடி அலைய வேண்டியதில்லை. அரசு தொழில்நுட்பக் கல்லூரி, பி.எஸ்.ஜி., சி.ஐ.டி. என்று தொடங்கி ஈரோடு வரை கட்டடவியல் படிக்கும் மாணவர்கள் சர்வே பயிற்சிக்கு ஆண்டுதோறும் எங்காவது முகாம் போடுகிறார்கள். அந்த முகாம் ஒரு குட்டையின் வரத்துப் பள்ளத்தில் நடக்கட்டும். உன்னத் பாரத் திட்டத்தின் கீழ் ஐந்து ஊர்களைத் தத்தெடுத்த கல்லூரிகள் வீடுவீடாகக் கணக்கெடுக்கும்போது, ஊர் கேட்கும் கேள்வியையும் சேர்த்து எடுக்கட்டும். வேளாண் பல்கலைக்கழகமும் கோவையிலேயே இருக்கிறது.

எழுதி முடித்த கோப்பு எங்கே போகும் என்பதையும் முதலிலேயே முடிவு செய்துவிட வேண்டும். ஆலோசகர் கம்ப்யூட்டரிலோ தலைவர் வீட்டுப் பீரோவிலோ அல்ல. ஊராட்சி அலுவலகத்தில் ஒரு பிரதி, ஊர் நூலகத்தில் ஒரு பிரதி. புல எண், எல்லை, லெவல் அளவு, வரத்து வழி, கரையோரத்தாரோடு பேசி ஒத்துக்கொண்டது, ஒத்துக்கொள்ளாதது எல்லாம் அதில் இருக்க வேண்டும். இந்த முறை பணம் கிடைக்காமல் போனாலும், நான்கு ஆண்டு கழித்து வேறு பெயரில் வேறு திட்டம் வரும்போது அதே ஊர் மறுபடி சர்வேயருக்கு மனுக் கொடுத்துவிட்டுக் காத்திருக்க வேண்டியிராது.